சுபா அக்காவின் இடது கால்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒருவர் மட்டும் பின்னால் நின்றால், அவர் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர் என்று பொருள். ஹைதராபாத் மாதாப்பூர் அலுவலகத்தில் நான் சேர்ந்த அன்று நடந்த முதல் கூட்டத்தில், கண்ணாடி அறையின் கடைசியில் சுவரோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. பாவம், ஏதோ தப்புப் பண்ணிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். அது 2008ஆம் வருடம். அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளாக, கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்திருந்தேன். அந்த அட்டையைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கூச்சம் கிடையாது.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் வேணுகோபால் அந்தப் பெண்ணைக் காட்டி, இனி உனக்கு வேலை கொடுக்கப்போவது இவர்தான் என்றார். அவர்தான் சுபாஸ்ரீ. மென்பொருள் சோதிக்கும் எங்கள் குழுவுக்குத் தலைவர். நான் 'மேடம்' என்று ஆரம்பித்தேன். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. கடைசியில் சுபா அக்கா என்று ஆனது.

அக்கா தன் இடத்திலும் நின்றுகொண்டுதான் வேலை பார்ப்பார். காகிதம் வந்த அட்டைப்பெட்டிகளை மேசைமேல் அடுக்கி, அதன்மேல் கணினித் திரையை வைத்திருந்தார். உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரம்தான். பிறகு எழுந்து மாடிப்படி வழியாகக் கீழே போய் மேலே வருவார். எங்கள் குழுவில் அவருக்குச் செக்யூரிட்டி என்று பெயர். பக்கத்து மேசைக்காரன் ஒருநாள், "என்னக்கா, ரவுண்ட்ஸ் போனீங்களே, திருடன் கிடைச்சானா?" என்று கேட்டான்.

"கிடைச்சான். நீ நேத்து எழுதின ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு ஓடிட்டான். மறுபடி உட்கார்ந்து எழுது."

மே மாத வெயிலிலும் அவர் இடது காலில் மட்டும் தோல் நிறத்தில் ஒரு இறுக்கமான காலுறை இருப்பதைப் பார்த்தேன். கிராமத்தான் புத்தி, தேநீர் குடிக்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன். இந்தக் காலுக்குள்ளே ரத்தம் கட்டியிருந்தது என்றார். கிரிக்கெட் பந்து பட்டு ரத்தம் கட்டுமே, அப்படி என்று எடுத்துக்கொண்டு, மஞ்சளும் உப்பும் சூடு பண்ணிப் பற்றுப் போட்டால் போயிருக்குமே என்றேன். அக்கா சிரித்தார். "எங்கம்மாவும் இப்படித்தான் கைவைத்தியம் பண்ணாங்க. அதுல என் உயிர் போயிருக்கும்."

அப்போது சொல்ல ஆரம்பித்ததைத் துண்டு துண்டாகப் பல நாட்கள் சொன்னார். பிந்திய பகுதியை நானே கூட இருந்து பார்த்தேன்.

சுபா அக்காவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. வீட்டுக்கு ஒரே பிள்ளை. கணவர் தமிழ்ச்செல்வனுக்கு உப்பலில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்பதால் வீடும் உப்பலிலேயே. அலுவலகமோ நகரத்தின் அந்தக் கோடியில். கம்பெனி வண்டியில் மடக்கிய காலோடு போய், அலுவலகத்தில் நாற்காலியில் மடக்கிய காலோடு இருந்து, அப்படியே திரும்ப வேண்டும். 2006இல் மூத்தவள் அஸ்வினி வயிற்றில் இருந்தபோது கடைசி மாதம் வரை இப்படித்தான் போய்வந்தார். அறுவை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள்.

பிரசவம் பார்க்க அம்மா வள்ளியம்மாள் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார். வரும்போதே சுக்கு, பூண்டு, பனங்கருப்பட்டி எல்லாவற்றோடும் தங்கள் ஊர் முறையையும் கொண்டுவந்திருந்தார். பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழிகிற வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. தண்ணீர் கேட்டால் நாக்கு நனைகிற அளவுதான், அதுவும் சுட வைத்தது. நிறையக் குடித்தால் வயிறு பானை மாதிரி தொங்கிப்போகும், தையல் சீழ் பிடிக்கும். வள்ளியம்மாள் இதில் கண்டிப்பானவர். மகள் கழிவறைக்குப் போவதை மட்டும்தான் அனுமதித்தார், அதையும் வாசலில் நின்று காவல் காத்தார். எங்கள் வீடுகளிலும் இதே முறைதான். அன்புக்காகச் செய்வதுதான், அதில் சந்தேகமில்லை.

சில நாட்களில் இடது கெண்டைக்கால் வலித்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கக் காலை மடக்கி உட்கார்ந்ததால் இருக்கும் என்றார்கள். பிறகு வலி தொடைக்கு ஏறியது. கால் கனத்தது, தொட்டால் சுட்டது. வாயு இறங்கியிருக்கிறது என்று சொல்லி வள்ளியம்மாள் வேப்பெண்ணெயைச் சூடு பண்ணி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இரண்டு கையாலும் அழுத்தி உருவிவிட்டார். காலையும் மாலையும் உருவினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

சோதனை வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே மாதிரியான இரண்டு இயந்திரத்தில் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்ப்போம். விடை வேறுபட்டால் எங்கோ கோளாறு. காரணம் தெரிகிற வரை விடமாட்டோம். படுத்த படுக்கையில் சும்மா இருந்த அக்காவுக்கு அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. பிள்ளை பெற்ற உடம்பு, வீக்கம் இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி. இரண்டு காலும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன? இரண்டுமே பிள்ளை பெற்ற கால்தானே? ஒன்று மட்டும் ஏன் வீங்க வேண்டும்? ஜாக்கெட் அளவெடுக்கிற நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். இடது கால் நன்றாகவே பருத்திருந்தது. மறுநாள் காலையில் அளந்தபோது இன்னும் பருத்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். தீட்டுக் கழியாமல் பச்சை உடம்போடு வாசல்படி தாண்டுவதா என்று வள்ளியம்மாள் வழியை மறித்தார். காற்றுக் கருப்பு அடித்தால் யார் பொறுப்பு? குழந்தையை யார் பார்ப்பது? தமிழ்ச்செல்வன் மாமியாரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கட்டிலைப் பிடித்து எழுந்து, வண்டி கொண்டுவரச் சொன்னார். வராவிட்டால் ஆட்டோவில் தனியாகப் போய்விடுவேன் என்றார். தமிழ்ச்செல்வன் வண்டி பிடிக்க ஓடினார்.

அங்கே பார்த்தவர் டாக்டர் ரமா. அவர் அப்பா காஞ்சன்பாக் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரமா பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் ஹைதராபாத். அவர் தமிழில் பாதி இந்த ஊர்ப் பேச்சுதான் இருக்கும். காலைத் தொட்டுப் பார்த்தார். யாராவது தேய்த்தீர்களா என்று கேட்டார். வள்ளியம்மாள் கொஞ்சம் பெருமையாகவே, நான்தான் உருவினேன் என்றார்.

"நக்கோம்மா. இனிமே இந்தக் காலை யாரும் தொடவே நக்கோ," என்றார் டாக்டர். வேண்டாம் என்கிற அந்த ஹைதராபாத் சொல் வள்ளியம்மாளுக்கு அதுவரை தெரியாது. டாக்டரின் முகம் அதைப் புரியவைத்தது.

ஸ்கேனில் தெரிந்தது. முழங்காலுக்குப் பின்னாலிருந்து தொடை வரை, ஆழத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ரமா விளக்கியதை அக்கா எனக்குச் சொன்னார். எனக்குப் புரிந்த மாதிரி இங்கே எழுதுகிறேன். இதயம் ரத்தத்தைக் கீழே தள்ளிவிடும். காலிலிருந்து மேலே ஏற்றுவது யார்? கெண்டைக்கால் சதைதான். எங்கள் ஊர் அடிபம்பு மாதிரி. நடக்கும்போது அந்தச் சதை இறுகித் தளர்கிறது, ரத்தம் மேலே ஏறுகிறது. அடிக்காவிட்டால் தண்ணீர் ஏறாது, அங்கேயே தேங்கும். பிள்ளை பெறுகிற சமயத்தில், ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க, உடம்பு தானாகவே ரத்தம் சீக்கிரம் உறைகிற மாதிரி செய்துகொள்கிறது. அறுவையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். அந்த நேரத்தில் படுக்கையை விட்டு இறங்காமல், தண்ணீரும் குடிக்காமல் கிடந்தால் ரத்தம் கெட்டியாகித் தேங்கும். தேங்கினால் உறையும். அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு கழன்றால் நேராக நுரையீரலுக்குப் போய் அடைக்கும். திடீரென்று மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். சிலருக்கு அதைச் சொல்லக்கூட நேரம் இருக்காது. அழுத்தித் தேய்ப்பது அந்தத் துண்டைக் கழற்றிவிடவும் கூடும்.

வள்ளியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார் என்று அக்கா சொன்னார்.

முதலில் ஊசி. பிறகு பல மாதம் ரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரை. மருந்து சரியான அளவில் வேலை செய்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பால் கொடுக்கத் தடையில்லை என்றார் டாக்டர். கீரையில் இருக்கும் ஒரு சத்து இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்று கேள்விப்பட்டதும் வள்ளியம்மாள் வீட்டுக்குள் கீரையையே விடவில்லை. அப்படியும் வேண்டாம், வாராவாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும், ஒருநாள் கட்டுக்கட்டாகத் தின்றுவிட்டு அடுத்த நாள் நிறுத்துவதுதான் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அக்கா பிழைத்தார். ரத்தக்குழாயின் உள்ளே தழும்பு நின்றுவிட்டது. சாயங்காலம் ஆனால் இடது கால் கனக்கும். அதற்குத்தான் காலுறையும் நிற்பதும் மாடிப்படியும். அலுவலகத்தில் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர்கள் வந்தபோது, இன்று ஒருநாள் மட்டும் உட்கார்ந்துகொள்ள முடியுமா என்று வேணுகோபால் கெஞ்சினார். அக்கா உட்காரவில்லை. அன்று அவர் நின்றுகொண்டே விளக்கியதைப் பார்த்து, வந்தவர்களில் ஒருவர் தானும் எழுந்து நின்றுவிட்டார். வேணுகோபால் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கம்பெனி வண்டி ஓட்டும் நூர் முகமது பாதி வழியில் பெட்ரோல் பங்க் பக்கம் நிறுத்தி, உருதுவில் அக்கா என்கிற பொருளில் 'ஆபா' என்று மட்டும் சொல்லிக் கதவைத் திறந்துவிடுவார். அக்கா இறங்கி நாலு நடை நடப்பார். மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்தால் இன்னும் ரெண்டு நடை கூடும் என்பார் அக்கா.

2010 தொடக்கத்தில் ஒருநாள், இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவர் என்னிடம் சொன்னபோது என் கண் முதலில் அவர் இடது காலுக்குத்தான் போனது. ஒருமுறை கட்டி வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்தில் திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம் என்று எனக்குச் சொன்னதே அவர்தான்.

வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. வள்ளியம்மாள் தொலைபேசியில் அழுதார், திட்டினார், குலதெய்வத்தின் பெயரைச் சொல்லித் தடுத்தார். கையில் இருக்கிற பிள்ளையைத் தாயில்லாமல் ஆக்கப்போகிறாயா என்றார். தமிழ்ச்செல்வன் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் அவர் ஒருநாள் கேட்டதையும் தான் பதில் சொன்னதையும் அக்கா எனக்கு அப்படியே சொன்னார்.

"உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் அஸ்வினிகிட்ட என்ன சொல்றது?"

"போன தடவை என்ன வரப்போகுதுன்னு நமக்குத் தெரியாது. அதான் ஆபத்து. இப்பத் தெரியும், மருந்தும் இருக்கு. தெரிஞ்சும் பயந்து நின்னேன்னா, இனிமே என் வாழ்க்கையில எல்லாத்தையும் இந்தக் கால்தான் முடிவு பண்ணும். அதுக்கு நான் சம்மதிக்கமாட்டேன்."

வெறும் வீம்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கணவரையும் கூட்டிக்கொண்டு முதலில் டாக்டர் ரமாவிடம்தான் போனார். ரத்தம் எளிதில் உறைகிற பிறவிக் கோளாறு உண்டா என்று அவர் பரிசோதித்தார். இல்லை. பிறகு அவர் சொன்னது இதுதான்: கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரை தினமும் ஓர் ஊசி. மாத்திரை குழந்தைக்கு ஆகாது, ஊசி ஆகும். ஒருநாள்கூட விடக் கூடாது. நடப்பதையும் விடக் கூடாது. சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவம் கூடாது. இதற்கெல்லாம் சரியென்றால் நான் கூட இருக்கிறேன்.

"ஹவ், டாக்டர்," என்று அவர் பாஷையிலேயே சம்மதம் சொல்லிவிட்டு வந்தாராம் அக்கா.

அந்த ஊசியைத் தினமும் நர்ஸ் வந்து போட முடியாது. தானே போட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, சின்ன ஊசியை நேராக இறக்கி, மெதுவாக மருந்தை உள்ளே தள்ள வேண்டும். பிள்ளை வளர்கிற வயிற்றிலா குத்துவது என்று நான் அதிர்ந்தேன். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்போடு அது நின்றுவிடும், குழந்தைப் பக்கமே போகாது என்றார். முதல் நாள் தமிழ்ச்செல்வன் அறையை விட்டு வெளியே போய்விட்டார். ஒரு வாரம் கழித்து வாசல் வரை வந்தார். பிறகு ஊசியைப் பிரித்துக் கையில் கொடுக்கிற ஆள் அவர்தான். அஸ்வினி பக்கத்தில் உட்கார்ந்து, நொப்பி உந்தா, நொப்பி உந்தா என்று தெலுங்கில் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அக்கா வயிறு முழுக்க நீலப் புள்ளிகள்.

ஐந்தாம் மாதமே வள்ளியம்மாள் வந்துவிட்டார். தடுக்க முடியாதென்று தெரிந்ததும் சண்டையை நிறுத்திவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர் அவர். வந்த மறுநாள் காலை மகள் ஊசி போடுவதைக் கண் கொட்டாமல் பார்த்தார். ஊசியை எடுத்ததும், வலிக்குமே என்று அந்த இடத்தைத் தடவக் கை நீட்டினார். அங்கேயும் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் ரத்தம் கன்றிப்போகும் என்றார் அக்கா.

"ஏட்டி, அப்பம் உன் உடம்புல எங்கதான் நான் கைய வைக்க?"

"தலையில வைம்மா. எண்ணெய் வச்சுவிடு."

அன்று இருவரும் சிரித்தார்கள். நான்கு வருடமாக அந்தக் காலைப் பற்றி அம்மாவும் மகளும் வாய் திறந்ததில்லை என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் அலுவலகத்தில் அக்கா முகம் வெளுத்துப்போய் நின்றார். இடது கால் காலையிலிருந்து கனக்கிறது என்றார். நாடா அவர் பையிலேயே இருந்தது. பெண்கள் அறைக்குப் போய் அளந்துவிட்டு வந்தார். கூடியிருக்கிறது என்றார். வேணுகோபாலே காரை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். போகிற வழியெல்லாம் அக்கா மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே தமிழ்ச்செல்வன் வந்து சேர்ந்தபோது அவர் சட்டையில் தொழிற்சாலைக் கறை அப்படியே இருந்தது. டாக்டர் ரமா வெளியே வந்து, புதுக் கட்டி இல்லை, பழைய தழும்புதான், வயிறு பெரிதாகி அழுத்துவதால் வீங்குகிறது என்றார். தமிழ்ச்செல்வன் அங்கே இருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். நாளையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொள், பிரசவம் வரை வீட்டிலேயே இரு என்று வேணுகோபால் சொன்னார். வீட்டில் இருந்தால் படுக்கத்தான் தோன்றும், இங்கே வந்தால்தான் நடப்பேன் என்று அக்கா மறுத்துவிட்டார். சொன்னபடியே வந்தார். அப்போது கையில் இருந்த மென்பொருள் வெளியீட்டு வேலையைக் காதில் ஹெட்செட்டோடு மாடி வராந்தாவில் நடந்துகொண்டே முடித்தார்.

அறுவைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய நாளே ஊசியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் நிற்காது. அறுவை முடிந்து, ரத்தம் கசியவில்லை என்று பார்த்தபிறகுதான் மறுபடி ஆரம்பிக்கலாம். ஊசி இல்லாத அந்த இடைவெளிக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். அந்த நேரத்தில் காப்பாற்றக் கூடியது கெண்டைக்கால் சதை மட்டும்தான். மரத்த காலுக்கு உணர்வு திரும்பியதிலிருந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இரு, கால் நிலைத்ததும் எழுந்து நட என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் நாங்கள் சிலர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனோம். பையன் பிறந்திருந்தான். அக்காவைக் கட்டிலில் காணவில்லை. வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகு கூனி, அடி அடியாக வந்துகொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பின்னால் வள்ளியம்மாள், ஒரு கையில் மூத்திரப் பை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில். சுவர் முடிகிற இடத்தில் அக்கா நின்று, போதும்மா, தையல் இழுக்கிறது என்றார்.

"ஏட்டி, நட. அந்த ஜன்னல் வரைக்கும்."

பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த தமிழ் அம்மா ஒருவர் பொறுக்காமல், பச்சை உடம்புக்காரியை இப்படி வதைக்கலாமா, பெத்த தாய்தானா நீங்கள் என்று கேட்டார். வள்ளியம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"படுக்க வச்சு ஒரு தடவ பாத்துட்டேன் தாயி. எம்புள்ள செத்திருப்பா. இப்பம் நடக்க வச்சுப் பாக்கேன்."

அக்கா திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு ஜன்னல் வரை நடந்தார்.

அன்று சாயங்காலம் ஊசி மறுபடி ஆரம்பித்தது. ஆறு வாரமும் ஒருநாள் விடாமல் போட்டுக்கொண்டார். கட்டி வரவில்லை.

அடுத்த வருடம் என் தங்கைக்குப் பிரசவமானபோது நான் ஊருக்குப் போயிருந்தேன். குழந்தை பிறந்த வீட்டில் ஆம்பளைக்கு என்ன வேலை என்று அத்தைகள் கேலி செய்தார்கள். அவளுக்குத் தண்ணீர் கொடுங்கள், அவளை நடக்க விடுங்கள், ஒரு கால் மட்டும் வீங்கினால் உருவாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இவ்வளவு படித்தும் வெட்கமில்லாமல் பிள்ளைப்பேறு பற்றிப் பேசுகிறான் என்றாள் ஓர் அத்தை. படித்ததால்தான் பேசுகிறேன் என்றேன்.

இப்போது 2013. சுபா அக்கா கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் உப்பலில்தான் இருக்கிறார். பையன் அனிருத்துக்கு மூன்று வயது நடக்கிறது. வள்ளியம்மாள் பாதி வருடம் இங்கே, பாதி வருடம் கோவில்பட்டியில். அக்கா இப்போது எங்கள் அலுவலகத்தில் டெஸ்ட் மேனேஜர். ஊசியும் மாத்திரையும் இல்லை. சாயங்காலமானால் இடது கால் வீங்குகிறது. காலுறை போட்டுக்கொண்டு தினமும் வேலைக்கு வருகிறார்.